செய்ய வேண்டிய தவறுகள்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்கா நலம்; வீடும், வீட்டுக் குழாய்களும், போன மாதம் வாங்கிய மிக்ஸியும் நலம். என் நலத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் அதை முதல் வரியிலேயே சொல்லித் தீர்த்துவிட மனம் வரவில்லை. அங்கே உங்கள் வீட்டாரும், சங்கத்து உறுப்பினர்களும், தனியாக விசாரிக்கத் தக்க உங்கள் இடது முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கக்கூடும். தொலைபேசியில் நீங்கள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் இரண்டு முறை 'சரி' சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னதால் வந்த வினைதான் இது. ஓய்வு பெற்றோர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நீங்கள் அச்சிட்டு அனுப்பிய அழைப்பிதழ் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. 'எட்டிய இலக்குக்குப் பின்னும் குன்றாத ஊக்கம்' என்று தலைப்பு. அதன் கீழே 'எழுபதாம் வயதில் ஐம்பது மீட்டரை நீந்திக் கடந்த சாதனையாளர் உரையாற்றுவார்' என்று நான். பக்கத்தில் நீச்சல் தொப்பியோடு என் படம். உரித்த முட்டைக்கு மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல் இருக்கிறது. கூட்டம் மூன்றாம் மாடியில், லிப்ட் பழுதாகிவிட்டதால் உறுப்பினர்கள் பொறுத்தருள வேண்டும் என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. ஊக்கத்தைப் பற்றிக் கேட்க வருகிறவர்களுக்கு அது நல்ல முன்னுரைதான். ஆனால், மாப்பிள்ளை, நான் வருவதற்கில்லை. அந்தத் தலைப்பில் பேச உங்கள் உறுப்பினர் பட்டியலிலும் அதற்கு வெளியிலும் என்னைவிடத் தகுதி குறைந்தவர் யாருமில்லை. எதையும் முறையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கே விளங்கும் என்பதால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தொடக்கம் உங்களுக்கே தெரியும், நீங்கள் அதில் இருந்தீர்கள். எனக்கும் உங்கள் அக்காவுக்கும் திருமணமான முதல் மாதம், ஏரிக்குப் போனோம். உங்களுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நீங்களும் உங்கள் அக்காவும் படகில் ஏறினீர்கள். நான் கரையில் நின்று மூன்று ஜோடிச் செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். 'செருப்பை யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்க' என்று அன்று நான் சொன்ன காரணத்தை உங்கள் அக்கா நாற்பத்தெட்டு ஆண்டுகளாக விருந்தாளிகளிடம் சொல்லிவருகிறாள், ஒருமுறைகூட ஒரு சொல்லையும் மாற்றாமல். எனக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு பயம். தலையில் ஒரு குவளை ஊற்றிக்கொள்ளும்போதும் மூக்கைப் பிடித்துக்கொள்கிறவன் நான். எடை அளவுத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து முத்திரையிட்டேன். கத்தியை வைத்துக்கொண்டு முறைத்த இறைச்சிக் கடைக்காரரிடம்கூட 'முள் சரியாக இல்லை, ஐயா' என்று சொல்லியிருக்கிறேன், குரல் நடுங்கினாலும். தண்ணீரிடம் மட்டும் நான் வாயே திறந்ததில்லை.

அதனால்தான் அறுபத்தெட்டாம் வயதில் நீச்சல் பழகப் போனேன். உங்கள் அக்காவிடம்கூடக் கேட்காமல், சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி ஐம்பது கட்டங்கள் போட்டேன், மீட்டருக்கு ஒரு கட்டம். எத்தனை மீட்டர் வந்ததோ அத்தனை கட்டத்துக்கு நீலம் தீட்டுவேன். முதல் எட்டு மாதம் தாள் வெள்ளையாகவே இருந்தது. நரைத்த மீசை வைத்த அந்தக் குளத்துப் பயிற்சியாளர் தினமும் வகுப்பு முடிவில் என் தோளில் தட்டி ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்: "பரவாயில்ல சார், நாளைக்கு வந்துடும்." இரண்டு ஆண்டு நான்கு மாதம் அந்த ஒரு வாக்கியத்தைச் சாப்பிட்டுத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஐம்பதாவது கட்டம் நிறைந்த நாளைத்தான் உங்களுக்குப் படம் எடுத்து அனுப்பினார்கள். மகனும் மருமகளும் வந்திருந்தார்கள், உங்கள் அக்கா வீட்டிலிருந்தே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரை என் கை தொட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். பயிற்சியாளர் மட்டும் மறுகரையிலிருந்து, "அப்படியே திரும்பி வாங்க சார், உங்க துண்டு இங்கதான் இருக்கு" என்று கூப்பிட்டார். நான் ஏணியில் ஏறி, வழுக்கும் ஓடுகளில் சுற்றி நடந்து, சொட்டச் சொட்ட வந்து துண்டை எடுத்துக்கொண்டேன். ஐம்பது என்பதுதானே பேச்சு. ஐம்பத்தொன்றாவது மீட்டருக்குத் தாளில் கட்டம் கிடையாது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. உங்கள் அக்கா கேட்டாள்: "இன்னிக்கு போகலையா?"

"அதான் முடிஞ்சிடுச்சே."

"என்ன முடிஞ்சுது? குளம் வத்திப் போச்சா?"

நான் மறுபடி படுத்துக்கொண்டேன். நாலைந்து நாளில் மகன் அந்தத் தாளைச் சட்டம் போட்டு, கண்ணாடி வைத்து, அது இருந்த அதே சுவரில் மாட்டிவிட்டான். அன்போடுதான் செய்தான். ஆனால் கண்ணாடிக்குள் போன தாளில் எதைத் தீட்டுவது? அதன் முன்னால் நிற்கும்போதெல்லாம் காலமானவரின் படத்துக்கு முன்னால் நிற்பதுபோலவும், அந்தக் காலமானவர் எனக்கு நன்கு அறிமுகமானவர் போலவும் இருக்கும். சும்மா இருந்தேன் என்று எண்ண வேண்டாம், முயன்றேன். நூறு மீட்டர் என்று புதிய இலக்கு வைக்கலாம் என்று மருமகள் சொன்னாள். ஒரு கிலோ கல்லைச் சோதித்து முடித்தவனிடம் அதே கல்லில் இரண்டை வைத்து இது புது எடை என்றால் மனம் ஒப்புமா? வானொலியில் அயல்மொழிப் பாடம் கேட்டேன். 'ஜன்னல் திறந்திருக்கிறது' என்பதுவரை வந்து, சொல்வதற்குத் திறந்த ஜன்னல் வேறு எதுவும் வீட்டில் இல்லாததால் நின்றுபோயிற்று. அலமாரிப் புத்தகங்களை உயர வரிசைப்படி அடுக்கினேன். அது ஒரே பிற்பகலில் முடிந்து என்னை இன்னும் கலவரப்படுத்தியது. எனக்கு வேண்டியிருந்தது இன்னோர் இலக்கு இல்லை, மாப்பிள்ளை. முடிக்காதவனிடம் மனிதர்கள் பேசுகிற தொனி இருக்கிறதே, அது. முடித்தவனைப் பாராட்டுவார்கள், படம் எடுப்பார்கள், பேச அழைப்பார்கள். 'நாளைக்கு வந்துடும்' என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி எழுதப்போவதை உங்கள் சங்கத்தாருக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடியில் என்னை யாருக்கும் தெரியாத வேறொரு நீச்சல் குளத்துக்குப் போய், தொடக்க வகுப்புக்கு விண்ணப்பம் வாங்கினேன். 'நீச்சல் தெரியுமா?' என்று ஒரு கேள்வி இருந்தது. 'தெரியாது' என்று எழுதினேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் இட்ட முதல் பொய் முத்திரை அது. பேனா நடுங்கியது. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்ட பயிற்சியாளப் பெண் அதைப் பயத்தின் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டு, "பயப்படாதீங்க சார், எல்லாம் வந்துடும்" என்றாள். கழுத்தில் விசில், வாயில் அளவான பேச்சு. அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்னும் நான்கு பஸ் மாறியிருப்பேன்.

ஆனால் நீச்சல் தெரியாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்கு அப்போது தெரியாது. முதல் நாள், குளத்தோரக் கம்பியைப் பிடித்தபடி உடம்பைத் தளர விடச் சொன்னாள். தளர விட்டேன். உடம்பு அதுபாட்டுக்கு மிதந்தது. பதறிப்போய் மூழ்கப் பார்த்தேன், மூழ்க வரவில்லை. மிதக்க எட்டு மாதம் பிடித்த உடம்புக்கு மூழ்க இனி எத்தனை மாதமோ என்று கவலை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஒரு குறிப்பேடு வாங்கி, 'செய்ய வேண்டிய தவறுகள்' என்று தலைப்பிட்டு, நாள்வாரியாகத் திட்டம் எழுதினேன். திங்கள், மூக்கில் தண்ணீர் ஏறுதல். செவ்வாய், கம்பியை விட மறுத்தல். புதன், முழங்காலை மடக்கி உட்கார்ந்தபடி மூழ்குதல். வியாழன், அழுதுவிடுவதுபோல் இருத்தல் (அழ வேண்டாம்). என் பழைய தவறுகளையெல்லாம் நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி போட்டேன். எனக்கு மீண்டும் காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது, எதற்கென்றும் தெரிந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன், நான் மகிழ்ச்சியாக இருந்தேன்.

அந்த வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்தோம். மூன்றாவது வாரத்தில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். மீந்தவர்கள் நானும், லிப்ட் பழுதுபார்க்கும் ஒருவரும். ஐம்பத்திரண்டு வயது, தூண் போன்ற ஆள். பயம் வந்தால் அவருக்கு முகம் மாறாது, காதுகள் மட்டும் சிவக்கும். லிப்டுக்குக் கீழே, தரைத்தளத்துக்கும் அடியில், ஆள் ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருக்குமாம்; மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்குமாம். போன ஆண்டு தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்க்க இறங்கியபோது ஏணி சரிந்துவிட்டது. முகவாய்க்கு நேராகத் தண்ணீர். நுனிக்காலில் நின்றபடி இருபது நிமிடம் குரல் கொடுத்திருக்கிறார், காவலாளி காதில் விழும்வரை. அன்றிலிருந்து பள்ளத்தில் ஒரு சாண் ஈரம் இருந்தாலும் இறங்க மாட்டார். கம்பெனியில், மூன்று மாதத்துக்குள் பயம் தெளியாவிட்டால் ஆபீசில் உட்கார்ந்து போன் எடுக்கும் வேலைதான் என்று சொல்லிவிட்டார்கள். "பதினஞ்சாவது மாடியில ஒத்தக் கம்பியில தொங்குவேன் சார்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். "போன எடுத்து 'ஆள் அனுப்பறோம்'னு சொல்லிட்டு உக்காந்திருக்க என்னால முடியாது. அந்த ஆளே நான்தான?"

இன்னொரு நாள், இருவரும் கம்பியைப் பிடித்தபடி நிற்கும்போது, "உங்கள பாத்துதான் நான் வந்துட்டிருக்கேன்" என்றார். "பயமில்லாதவங்கள பாத்தா எனக்கு எரிச்சலா வருது. நீங்க பயந்துகிட்டே தெனம் வர்றீங்க பாருங்க, அதான் எனக்குத் தெம்பு." அன்றைய அட்டவணையில் இருந்தது கால் நடுக்கம். அதை இரண்டு மடங்காகச் செய்தேன். அதன்பின் எப்போதும் அவரைவிட ஒரு தவறு பின்தங்கியே இருக்கும்படி திட்டத்தைத் திருத்திக்கொண்டேன். அவருக்கு உதவுவதாகவே நினைத்தேன். தராசில் பழக் கூடையோடு தன் கட்டைவிரலையும் வைக்கிற கடைக்காரன், வாங்குகிறவருக்கு உதவுவதாகத்தான் நினைக்கிறானோ என்னவோ.

பதினோராவது வாரம், வியாழன். குறிப்பேட்டில் இப்படி எழுதியிருந்தேன்: 'ஆழமான பக்கம். கம்பியை விட்டதும் திடுக்கிட்டுக் கத்துதல். இரண்டு வாய் தண்ணீர் குடித்தல். மீண்டும் கம்பி.' அவருக்கும் ஆழமான பக்கத்தில் அதுதான் முதல் நாள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவர் ஒரு கையை எடுத்துவிட்டார். காதுகள் சிவந்திருந்தன, ஆனால் இரண்டாவது கையின் விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்போது பார்த்து நான் என் கம்பியை விட்டுவிட்டு, "ஐயோ, தரை இல்ல" என்று கத்தினேன். கூரை போட்ட குளம், நான்கு சுவரும் அதைத் திருப்பிச் சொல்லின. லிப்ட்காரர் கரையேறி, பெஞ்சில் உட்கார்ந்து, வெகுநேரம் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை, திங்கட்கிழமை, வரவில்லை. பயிற்சியாளப் பெண், "இனிமே வரமாட்டாராம், ஆபீஸ் வேலைக்கே ஒத்துக்கிட்டாராம்" என்றாள். பிறகு விசிலைக் கையில் சுற்றிக்கொண்டே, "அன்னிக்கு நீங்க ரொம்ப நல்லா பயந்தீங்க சார்" என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று மாலை உங்கள் அக்கா என் பையைத் துவைக்க எடுத்தபோது குறிப்பேடு அகப்பட்டுவிட்டது. பழைய குளத்துக்குத்தான் போய்வருகிறேன் என்று அதுவரை நம்பியிருந்தாள். ஒரு பக்கம் விடாமல் படித்துவிட்டு, நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டேனா என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். "தெரியாதத தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறவங்கள ஊரெல்லாம் பாத்திருக்கேன். தெரிஞ்சத தெரியாத மாதிரி காட்ட ரெண்டு பஸ் மாறிப் போற ஆள இப்பதான் பாக்கறேன்" என்றாள். அதன்பின் சிரிப்பு நின்றது. "அந்த லிப்ட்காரருக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"அவர் வேலை போகுதே, அது உங்களுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்குத் தப்பித்து ஓட நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடிதம் எழுதிவிடலாமா என்றுகூட அவளிடம் கேட்டேன். அவள் என் செருப்பை எடுத்து வாசலில் திருப்பி வைத்தாள்.

அவருடைய கம்பெனியில் விசாரித்து, பல் மருத்துவமனைகள் நிறைந்த ஒரு கட்டடத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். வெளி வேலையில் அவருக்கு அது கடைசி வாரம். தரைத்தளத்தில் லிப்ட் கதவைத் திறந்துவைத்து, 'பழுது' என்ற பலகையைச் சாய்த்துவிட்டு, வாசலில் மண்டியிட்டு, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பள்ளத்தில் ஒரு சாண் தண்ணீரில் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. இறங்காமலே ஒரு நீளமான கொக்கியால் எதையோ எடுக்க முயன்றுகொண்டிருந்தார். நான் மனப்பாடம் செய்துகொண்டு போன முன்னுரை மறந்துவிட்டது. "எனக்கு நீச்சல் தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கொக்கியைக் கீழே வைத்தார். "எவ்வளவு தூரம் போவீங்க?"

"ஐம்பது மீட்டர்."

"எப்பலேர்ந்து?"

"உங்கள பாக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாலேர்ந்து."

எண்ணெய்த் துணியில் விரல் விரலாகக் கையைத் துடைத்தார். குறிப்பேட்டை நீட்டினேன். பதினோராவது வாரத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டார். "நான் வீட்ல போய் என்ன சொன்னேன் தெரியுமா? பதினோரு வாரம் ஒரு நாள் விடாம வந்தவருக்கே பயம் போகல, எனக்கு எங்க போகப் போகுதுன்னு சொன்னேன். மறுநாள் ஆபீஸ் தாள்ல கையெழுத்து போட்டேன்." அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு குறிப்பேட்டில் விரலை வைத்து, "இங்க கத்தணும்னுதான் எழுதியிருக்கு. 'தரை இல்ல'ன்னு கத்தணும்னு எழுதலையே?" என்று கேட்டார்.

எழுதியிருக்கவில்லைதான். அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று வழியெல்லாம் யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன். ஐம்பது கட்டத்துக்கும் நீலம் தீட்டிவிட்டால் அடியில் இருந்தது போய்விடும் என்று நான் நம்பியிருந்தேன் போலிருக்கிறது. அது போகவில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் பொறுமையாக உட்கார்ந்திருந்திருக்கிறது.

"நாளைக்கு காலைல வந்து நீந்திக் காட்டுங்க. ஐம்பதும்" என்று சொல்லிவிட்டு அவர் பள்ளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் அவர் சட்டை பேன்ட்டோடு, கையில் கருவிப் பையோடு, குளத்தின் ஓரத்தில் நின்றார். பயிற்சியாளப் பெண் எதுவும் கேட்காமல் ஒதுங்கி நின்றாள். நான் இறங்கினேன். அடித்தரை ஓடுகளை எண்ணிக்கொண்டே நீந்துவது என் பழக்கம். இருபது மீட்டர்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முப்பதில் முழங்கால் தானாக மடங்கியது, புதன்கிழமை அட்டவணைப்படி. முப்பத்து மூன்றில் மூக்கில் தண்ணீர் ஏறியது, திங்கட்கிழமை அட்டவணைப்படி. பதினோரு வாரம் ஒழுங்காகச் செய்த தவறுகள் ஒன்றுகூட விட்டுப்போகாமல் உடம்பில் படிந்திருந்தன. முப்பத்தைந்தாவது மீட்டரில், மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் தண்ணீரை வாங்கி, தடம் பிரிக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கொடியில் காயப்போட்ட துணிபோல் தொங்கினேன். அதற்குமேல் போக முடியவில்லை. மகன் சட்டம் போட்டு மாட்டியிருப்பது பொய்க் கணக்காகிவிட்டது என்பதுதான் அந்த நிலையிலும் எனக்குத் தோன்றியது.

லிப்ட்காரர் கருவிப் பையைக் கீழே வைத்தார். ஓரத்தில் குந்தி, என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"சார், நிஜமாவே முடியலையா? இல்ல இதுவும் அட்டவணையில இருக்கா?"

"முடியல."

"சத்தியமா?"

"சத்தியமா முடியல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க, பேன்ட் நனைவதுகூடத் தெரியாமல் அந்த ஈர ஓட்டில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு கை நீட்டி என் தோளில் தட்டினார். "பரவாயில்ல சார், நாளைக்கு வந்துடும்" என்றார். அவருக்கு அந்த வாக்கியத்தின் வரலாறு தெரியாது. நான் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டேன். அங்கே வைத்தால் எது எந்தத் தண்ணீர் என்று தெரியாது. நிமிர்ந்தபோது அவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு நானும் வர்றேன். அந்தக் கையெழுத்துக்கு என்ன பண்றதுன்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டுப் பாக்கறேன். இன்னும் ஒரு மாசம் தரமாட்டாங்களா?" ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்கள் என்று நேற்று சொன்னார்.

இவையெல்லாம் நடந்து மூன்று நாளாகிறது. ஆகவே, மாப்பிள்ளை, நிலைமையை எடைபோட்டுப் பாருங்கள். நீங்கள் அழைத்திருப்பது ஐம்பது மீட்டர் ஆளை. இங்கே இருப்பது முப்பத்தைந்து மீட்டர் ஆள். அளவில் பதினைந்து குறைகிறது. இந்த அளவுக்குக் குறைந்த எந்தத் தராசுக்கும் நான் முத்திரை போட்டதில்லை. குன்றாத ஊக்கம் என்ற தலைப்பில் நான் சொல்லக்கூடியது, என் ஊக்கம் எப்படிக் குன்றியது, அதை மறைக்க நான் என்னென்ன செய்தேன் என்பது மட்டும்தான். தயவுசெய்து என் பெயரையும் அந்த முட்டைப் படத்தையும் எடுத்துவிட்டு, தகுதியான வேறொருவரைப் போடுங்கள். உங்கள் சங்கத்துப் பொருளாளர் பதினேழு ஆண்டுகளாக ஒரே குறுக்கெழுத்துப் புதிரைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னீர்களே, அவரைக் கேளுங்கள். அவர் இன்னும் முடிக்கவில்லை என்பதே பெரிய தகுதி.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. சிறியவர்களுக்கு ஆசிகள், அவர்கள் கேட்காவிட்டாலும். உங்கள் முழங்கால் மாடிப்படிகளை மன்னித்து, நீங்கள் நீண்ட நாள் நிமிர்ந்து நடக்க வாழ்த்துகிறேன். இந்தக் கடிதத்தில் பிழையிருந்தால் என்னுடையது, சிரிப்பிருந்தால் உங்கள் அக்காவுடையது.

என்றும் உங்கள் நலம் நாடும்,
அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி, திருத்தி, நல்ல பிரதி எடுத்து, உறையிலும் இட்டபின், தபாலில் போடத் துணிவில்லாமல் ஒன்பது நாள் பையிலேயே வைத்திருந்தேன். இன்று காலை உறையைப் பிரித்து இதைச் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. லிப்ட்காரர் இன்று மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு முதன்முறையாக ஆழமான பக்கம்வரை முழு நீளமும் போனார். பக்கத்துத் தடத்தில் சும்மா துணைக்கு வரும்படி பயிற்சியாளப் பெண் என்னிடம் சொன்னாள். எங்கள் துண்டுகளையும் செருப்புகளையும் புறப்பட்ட இடத்திலேயே வைத்திருந்தோம். அவற்றுக்குக் காவல் இன்று உங்கள் அக்கா, பிளாஸ்டிக் நாற்காலியோடு. நான் அவருடைய காதுகளையே பார்த்துக்கொண்டு போனதில் ஓடுகளை எண்ண மறந்துவிட்டேன். பாதியில் அவர், "சார், தரை இருக்கா?" என்று கேட்டார். "இல்ல. வாங்க" என்றேன். காதுகள் நன்றாகச் சிவந்தன, ஆனால் கால்கள் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் தலை எதிலோ இடித்தது. பார்த்தால் சுவர். ஐம்பது மீட்டரும் முடிந்துவிட்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "போச்சு, முடிஞ்சிடுச்சு" என்றேன்.

லிப்ட்காரர் மூச்சிரைத்தபடி பலகையைத் திருப்பிக்கொண்டிருந்தார். "என்ன சார் முடிஞ்சுது? துண்டு அந்தப் பக்கம்ல இருக்கு?"

திரும்பி நீந்தினோம். எத்தனை மீட்டர் என்று கேட்காதீர்கள்.

எனவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கூட்டத்துக்கு வருகிறேன். லிப்ட்காரரும் வருகிறார், உங்கள் மண்டபத்து லிப்டை ஒரு பார்வை பார்க்கிறேன் என்கிறார், பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே தெரிவிக்கவும், நிற்கிறது என்றால் அவருக்கு இன்னும் சந்தோஷம். எனக்கு ஒரே ஒரு ஏற்பாடு போதும். நான் பேசும் மேடைக்கு நேர் எதிரே, கடைசி வரிசைக் கடைசி நாற்காலியில், என் துண்டைப் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.